விடுமுறையில் விழுந்த குழந்தையும் முதல் சீட்டின் சில வரிகளும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் வாரங்களில் எலும்பு முறிவுப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் குழந்தைகளுள் ஒரு பகுதியினர் ஏற்கெனவே மாவுக்கட்டுடன் வருகின்றனர். ஊட்டியிலோ, ஏற்காட்டிலோ, ஒகேனக்கல் பாறையிலோ, சிங்கப்பூரில் மாமா வீட்டுப் படிக்கட்டிலோ விழுந்தவர்கள். குழந்தைக்கு வலி அடங்கி, கட்டின் மேல் யாரோ வரைந்த பூவைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். தந்தையின் கையில் ஒரு கோப்பு இருக்கும். “சார், மூன்று நாள் அறை வாடகை முன்பணம் போயிற்று, ரயில் டிக்கெட்டும் வீணாயிற்று. காப்பீட்டில் கேட்கிறார்கள். குழந்தை பயணம் செய்யக்கூடாது என்று நீங்கள் சொன்னதாக ஒரு சான்று எழுதித் தர வேண்டும்” என்பார்.

நான் சொல்லவில்லையே. அந்த நாளில் அந்தக் குழந்தையை நான் பார்க்கவே இல்லை. பார்த்தவர் வேறோர் ஊர் மருத்துவர். அவர் எழுதிய சீட்டில் மருந்தின் பெயரும் “எக்ஸ்ரே” என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருக்கின்றன. பத்து நாள் கழித்து இங்கு அமர்ந்துகொண்டு அந்த நாளின் நிலையை நான் சான்றளிப்பது பொய்ச்சான்று ஆகும். இன்று குழந்தை எப்படி இருக்கிறது, எக்ஸ்ரே படம் என்ன காட்டுகிறது, முறிவு எத்தனை நாள் பழையதாகத் தோன்றுகிறது என்று மட்டுமே என்னால் எழுத முடியும். அது சிறிதளவு உதவக்கூடும். பெரும்பாலும் போதாது.

காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன கேட்பது என்பதில் நம் குடும்பங்கள் காட்டும் அக்கறையில் பாதியை, விபத்து நடந்த இடத்தின் முதல் மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதில் காட்டினால் இந்தக் கோப்புகளில் பல தேறிவிடும் என்பது என் கருத்து. கோரிக்கை பின்னால் நிரப்பும் படிவத்தில் தொடங்குவதில்லை. குழந்தையை முதலில் பார்த்தவர் எழுதும் சில வரிகளில் தொடங்குகிறது.

அதற்குமுன், உங்களிடம் இருப்பது எந்தக் காப்பீடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் உள்நாட்டுச் சுற்றுலாவுக்கெனத் தனியே பயணக் காப்பீடு எடுப்போர் மிகக் குறைவு. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் தரப்படும் காப்பீட்டைத்தான் பலர் ‘பயணக் காப்பீடு’ என்று எண்ணிக்கொள்கின்றனர். அது நல்ல ஏற்பாடுதான். உயிரிழப்புக்கு 10 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. ஆனால் அது ரயில் விபத்துக்கும், ரயில்வே சட்டம் குறிப்பிடும் அசம்பாவிதங்களுக்கும் மட்டுமே உரியது. ரயிலிலிருந்து இறங்கி, மறுநாள் அருவிக்கரையில் வழுக்கி விழுந்த குழந்தைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. தனியே டிக்கெட் எடுக்காமல் மடியில் அழைத்துச் செல்லும் சிறு குழந்தை அந்தப் பட்டியலிலேயே இராது.

வெளிநாட்டுப் பயணத்திற்கு எடுக்கும் பாலிசி வேறு வகை. மருத்துவச் செலவுடன், பயணம் ரத்தாதல், பாதியில் தடைப்படுதல் ஆகியவற்றுக்கும் அதில் இடமிருப்பது வழக்கம். மூன்றாவது, குடும்ப மருத்துவக் காப்பீடு. இது சுற்றுலாவுக்காக எடுத்ததன்று எனினும் இந்தியாவில் எந்த ஊரில் விழுந்தாலும் பெரும்பாலும் துணைவருவது இதுவே. ஆனால் அறை வாடகையையும் டிக்கெட் பணத்தையும் இது திருப்பித் தராது. புதிதாகப் பாலிசி எடுத்து 30 நாள் ஆகவில்லையே என்று அஞ்சிக் கோராமலேயே விட்டுவிடும் பெற்றோரையும் பார்க்கிறேன். அந்தத் தொடக்கக் காத்திருப்புக் காலம் நோய்களுக்குத்தான். விபத்துக் காயத்திற்கு அது பொருந்தாது.

சாலை விபத்து என்றால் கதை வேறு. தருமபுரியிலிருந்து தெற்கே எந்தச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டாலும் தொப்பூர்க் கணவாயைக் கடந்தாக வேண்டும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அந்த இறக்கத்தில் நேர்ந்த தொடர் மோதல்களை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தமிழக எல்லைக்குள் நேரும் சாலை விபத்தில் காயமடைந்த எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. நாடு முழுவதற்குமாக ஒன்றிய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. ஆகவே, பெங்களூருவுக்குச் சென்ற வழியில் விபத்து நேர்ந்தால், கையில் பணமில்லை என்று குழந்தையைக் காரிலேயே படுக்கவைத்துச் சொந்த ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரத் தேவையில்லை.

இப்படிக் கொண்டுவருவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காப்பீட்டைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். ‘நம் ஊர் மருத்துவமனையில்தான் பணமில்லாச் சிகிச்சை உண்டு, அங்கே போய்விடுவோம்’ என்ற ஒரே எண்ணத்தில் மலையிலிருந்து இரவோடு இரவாகக் குழந்தைகளை இறக்கிக் கொண்டுவருகிறார்கள். ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தை கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகச் சாதாரணம். அந்த முறிவின் முன்புறமாகத்தான் கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி ஓடுகிறது. விலகிய எலும்பு முனை அதை அழுத்தினால் விரல்கள் வெளுக்கும், குளிரும். விரலை நீட்டிவிட்டால் குழந்தை கத்தும். இரத்தம் முற்றிலும் தடைப்பட்ட தசை ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு மேல் தாங்காது. அதன்பின் எவ்வளவு திறமையான அறுவைச் சிகிச்சையும் அந்தக் கையைப் பழையபடி ஆக்காது. அருகிலிருக்கும் மருத்துவமனை பட்டியலில் இல்லாததாக இருந்தாலும் அங்கே செல்லுங்கள். செலவைப் பின்னர் கேட்டுப் பெறுவதற்கு வழி உண்டு. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒகேனக்கல்லில் நிற்பவர்க்குப் பென்னாகரம் அரசு மருத்துவமனைதான் அருகில். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 46 கிலோமீட்டர், அதிலும் மலைப்பாதை. முதலில் 108-ஐ அழையுங்கள். கிடைத்த அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ சிம்பாக வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, விரல் நுனிகள் தெரியும்படி விடுங்கள். எண்ணெய் தேய்த்து நீவிவிட வேண்டாம். ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியலுக்கு ஆள் கிடைப்பது எளிது என்பதால், வீங்கிய கையையும் அவர்களிடமே நீட்டிவிடுகிறார்கள்.

கட்டு என்றதும் புத்தூர் நினைவுக்கு வராத குடும்பம் இப்பகுதியில் இல்லை. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் நம் ஊர்ச் சாலையோரங்களில் எத்தனை பலகைகள்! பரம்பரையாகக் கட்டுபவர்களை இழிவாகப் பேச நான் விரும்பவில்லை. விலகாத எளிய முறிவு யார் கட்டினாலும் பெரும்பாலும் கூடிவிடும். ஆனால் வீங்கும் கையில் முதல் நாளே இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். கோரிக்கையைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. பாலிசியில் ‘மருத்துவர்’ என்றால் பதிவுபெற்ற மருத்துவர். ‘மருத்துவமனை’ என்றால் பதிவும், குறைந்தபட்சப் படுக்கைகளும், பணியாளரும் உள்ள நிலையம். கட்டுப்போடும் இடத்தின் துண்டுச்சீட்டு இவ்விரண்டிலும் அடங்காது. அங்கே முதலில் சென்று மூன்று நாள் கழித்து மருத்துவமனைக்கு வந்தால், காயத்தின் முதல் மருத்துவப் பதிவே மூன்று நாள் தாமதமாகப் பிறக்கிறது. அந்த மூன்று நாளுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய பாரம் உங்கள் மேல் விழும்.

இனி அந்த வரிகளுக்கு வருவோம். குழந்தைக்குச் சிம்பு வைத்து, வலி தணிந்ததும், முதலில் பார்த்த மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி விழுந்தது என்று ஒரு வரி. எந்தக் கை, எந்த எலும்பு, என்ன காயம் என்று ஒரு வரி. எத்தனை நாள் பயணம் கூடாது, அல்லது உடனே ஊர் திரும்பிச் சிகிச்சை பெற வேண்டும் என்று ஒரு வரி. கீழே அவர் கையொப்பம், பதிவு எண், முத்திரை. இவ்வளவுதான். எந்த மருத்துவருக்கும் இது இரண்டு நிமிட வேலை. பயணத் தடைக்கான இழப்பீட்டுக்கு உயிர்நாடி அந்த மூன்றாவது வரி. குழந்தை பயணிக்க இயலாத நிலை என்று அன்றே ஒரு மருத்துவர் எழுதியிராவிட்டால், நீங்கள் விரும்பித் திரும்பியதாகவே கணக்கிடப்படும்.

இங்கே என் சொந்தத் தொழிலோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மருத்துவர்களாகிய நாங்கள் கூட்டமான நேரத்தில் ‘தவறி விழுந்தது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். சிகிச்சைக்கு அது போதும். குடும்பத்துக்குப் போதாது. இடமும் நேரமும் இல்லாத குறிப்பு, விபத்து பாலிசிக் காலத்திற்குள்தான் நடந்தது என்பதற்குக்கூடச் சான்றாவதில்லை. சுற்றுலாத் தலங்களை ஒட்டிய சிறு மருத்துவமனைகள் அச்சிட்ட ஒரு காயக் குறிப்புப் படிவத்தை வைத்துக்கொண்டால் இது பழக்கமாகிவிடும். அதுவரை, கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

அழும் குழந்தையை வைத்துக்கொண்டு காகிதம் கேட்டு நிற்பது மனிதத்தன்மையா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தாய் கேட்க வேண்டாம். குழந்தையின் அருகிலேயே இருக்கட்டும். நம் சுற்றுலாக்கள் எப்போதும் வேன் நிறையத்தானே செல்கின்றன. சித்தப்பாவோ மாமாவோ ஒருவர், கைபிசைந்துகொண்டு வெளியே நிற்பவர், அந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.

அந்த முதல் வரியில் உண்மை இருக்க வேண்டும் என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பெற்றோர் பொய் சொல்வது பேராசையால் அன்று. பெரும்பாலும் அச்சத்தாலும் குற்ற உணர்வாலும்தான். இருசக்கர வாகனத்தில் நால்வராய்ச் சென்று விழுந்திருப்பார்கள். ஓட்டியவரிடம் உரிமம் இராது. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று வாசலிலேயே யாரோ சொல்லியிருப்பார்கள். உடனே ‘வீட்டு மாடிப்படியில் விழுந்தான்’ என்று கதை மாறும். பரிசலில் உயிர்காப்பு உடை அணியாமல் ஏறினதை மறைக்க ‘கரையில் வழுக்கினாள்’ என்பார்கள். முதல் மருத்துவமனையில் ஒரு கதை, இரண்டாவதில் இன்னொன்று, கோரிக்கைப் படிவத்தில் மூன்றாவது. நிறுவனத்தின் விசாரணையாளர் மூன்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும்போது உண்மையான முறிவும் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. அதற்கப்பால் மருத்துவ ஆபத்தும் உண்டு. வண்டியிலிருந்து எறியப்பட்ட குழந்தையை ‘கட்டிலிலிருந்து விழுந்தது’ என்று சொன்னால், வயிற்றிலும் தலையிலும் தேட வேண்டியதை நாங்கள் தேடாமல் போகக்கூடும்.

சாலை விபத்து, அடிதடி, பிறர் கவனக்குறைவால் நேர்ந்த காயம் ஆகியவை மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் செல்லும். ‘ஏ.ஆர். நகல்’ என்று எல்லோரும் சொல்வது இந்தப் பதிவின் படியைத்தான். இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோதிய வண்டியின் காப்பீட்டிலிருந்து குழந்தைக்கு இழப்பீடு கோரும் நாளில் முதலில் கேட்கப்படும் தாள் அதுவே. கதையை மாற்றிச் சொல்பவர்கள், தம் குழந்தைக்குச் சேர வேண்டிய அந்தப் பெரிய உரிமையைத்தான் சிறிய அச்சத்துக்காக விட்டுக்கொடுக்கிறார்கள்.

எழுதியதைப் பின்னர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். மாற்ற மாட்டோம். மாற்றவும் கூடாது. இடப்பக்கம் வலப்பக்கம் தவறியிருந்தால், பெயரில் எழுத்துப் பிழையிருந்தால், பழைய வரி தெரியும்படி ஒரு கோடிட்டு, அன்றைய நாளிட்டுத் திருத்தம் எழுதிக் கையொப்பமிடலாம். நிகழ்ச்சியையே திருத்த முடியாது. ‘முகவர் சொன்னார், இப்படி எழுதினால் பணம் வரும்’ என்று வருவோரிடம் நான் சொல்வது ஒன்றே: முகவர் கையொப்பமிட மாட்டார், நான்தான் இட வேண்டும்.

எந்தக் கதையைச் சொன்னால் பாலிசி ஏற்கும் என்ற கணக்கே பெரும்பாலும் தவறாக இருப்பதுதான் வேடிக்கை. ‘சாகச விளையாட்டுக்குக் காப்பீடு இல்லை’ என்று கேள்விப்பட்டு, கயிற்றில் சறுக்கும் விளையாட்டில் அடிபட்டதை மறைக்கிறார்கள். மருத்துவக் காப்பீடுகளுக்கென ஒழுங்காற்று ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்கு வாசகம், அத்தகைய விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோரைத்தான் விலக்குகிறது. விடுமுறைக்கு வந்து ஒருமுறை விளையாடிப் பார்த்த எட்டு வயதுச் சிறுமி தொழில்முறை வீராங்கனை அல்லள். பயணக் காப்பீடுகளின் வாசகம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அதைப் பாலிசித் தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், வாசலில் நிற்பவரிடம் கேட்டு அன்று.

அடுத்த வேண்டுகோள், “ஒரு நாள் அட்மிஷன் போட்டுவிடுங்கள்” என்பது. மருத்துவக் காப்பீட்டில் ‘உள்நோயாளிச் சிகிச்சை’ என்றால் தொடர்ந்து 24 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும் என்பது பொது விதி. மணிக்கட்டில் லேசாக வளைந்து முறிந்த எலும்புக்குக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்புவதே சரியான சிகிச்சை; அது புறநோயாளிச் சிகிச்சை, பெரும்பாலான பாலிசிகள் அதற்குப் பணம் தருவதில்லை. அதற்காகத் தேவையின்றி ஒரு குழந்தையை இரவு முழுவதும் வார்டில் படுக்கவைத்து, தேவையற்ற ஊசி போட்டு, தொற்றுக்கும் அச்சத்துக்கும் ஆளாக்க நான் உடன்படுவதில்லை. சில ஆயிரம் ரூபாய்க் கட்டுச் செலவை ஈடுசெய்ய ஒரு பொய்யான அனுமதி! அது கண்டுபிடிக்கப்பட்டால் பாலிசியே ரத்தாகலாம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேர்ப்படுத்தியிருந்தாலோ, கம்பி பொருத்தியிருந்தாலோ, அது பகல்நேரச் சிகிச்சை என்ற வகையில் வரும். 24 மணி நேரம் தங்காவிட்டாலும் கோரலாம். இதை அறியாமல், ‘மாலையிலேயே அனுப்பிவிட்டார்கள், எனவே ஒன்றும் வராது’ என்று உரிய பணத்தைக் கேளாமலே விட்டவர்களும் இருக்கின்றனர்.

வெளிநாட்டில் நேர்ந்தால் ஒரு வேலை முந்திக்கொள்கிறது. பாலிசித் தாளில் அச்சிட்டிருக்கும் 24 மணி நேர உதவி எண்ணை மருத்துவமனையில் சேர்க்கும்போதே, நெருக்கடி என்றால் சேர்த்தவுடனேயே, அழைத்துக் குறிப்பு எண் பெற்றுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் மருத்துவச் செலவு நம்மால் கற்பனை செய்ய இயலாத அளவு. அதை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னர் கேட்பதற்கும், தொடக்கத்திலேயே நிறுவனத்தைப் பொறுப்பேற்கச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு, ஊரில் நிலத்தை அடகு வைப்பதா வேண்டாமா என்பதாகிவிடும். பல பாலிசிகளில் ஒரு குறிப்பிட்ட தொகைவரை நாமே ஏற்க வேண்டும் என்ற விதியும் இருக்கும். சிறு செலவுகள் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

திரும்பும் விமானத்தைப் பற்றியும் ஒரு மருத்துவக் குறிப்பு. புதிதாக முழுவட்டமாக மாவுக்கட்டுப் போட்ட கை விமானத்தில் வீங்கக்கூடும். கட்டுக்குள் இறுக்கம் ஏறும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட பறப்புக்குக் கட்டுப் போட்டதிலிருந்து 24 மணி நேரமும், அதைவிட நீண்ட பறப்புக்கு 48 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது விமான நிறுவனங்கள் பலவற்றின் நடைமுறை. அதற்குள் செல்ல நேர்ந்தால் கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிளந்துவிட வேண்டும். பயணத் தகுதிச் சான்றும் கேட்பார்கள். இந்தக் காத்திருப்பால் டிக்கெட்டை மாற்றியிருந்தால், காரணம் கட்டுப் போட்ட மருத்துவரின் எழுத்தில் இருக்கட்டும். கூடுதல் டிக்கெட் கட்டணமும், தங்கிய இரண்டு நாள் அறை வாடகையும் அந்த எழுத்தின் பலத்தில்தான் நிற்கும். விடுதியிடமும் விமான நிறுவனத்திடமும் ‘பணம் திருப்பித் தரப்படவில்லை’ என்றோ ‘இவ்வளவு திருப்பித் தரப்பட்டது’ என்றோ எழுத்தில் பெறுங்கள். அவர்கள் திருப்பித் தந்ததைக் கழித்துத்தான் காப்பீடு கணக்கிடும்.

தாள்களைப் பற்றி அதிகம் நீட்ட விரும்பவில்லை. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நம் மக்கள் வழுக்குகிறார்கள். குழந்தையின் பெயர் முதலாவது. வீட்டில் அழைக்கும் பெயரை அவசரத்தில் சீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஆதாரில் வேறு, பாலிசியில் தலைப்பெழுத்து மாறி வேறு. இவன்தான் அவன் என்று நிரூபிக்க ஒரு மாதம் அலைகிறார்கள். இரண்டாவது, பளபளப்பான வெப்பத்தாளில் வரும் மருந்துக்கடை ரசீது. இரண்டு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றே படியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு ரசீதுக்கும் நேரான மருந்துச் சீட்டு வேண்டும். மூன்றாவது, எக்ஸ்ரே. கைப்பேசியில் அனுப்பப்பட்ட புகைப்படம் எனக்கே சில வேளைகளில் போதுவதில்லை. படத்தையோ குறுந்தகட்டையோ கேட்டு வாங்குங்கள். வெளியூர் மருத்துவமனையில் ஏதேனும் பெறத் தவறியிருந்தால் மனம் தளர வேண்டாம். நோயாளியோ பொறுப்பாளரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதி. உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

பணமில்லாச் சிகிச்சையில் சேர்ந்திருந்தால், ஒப்புதலை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் தர வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் ஆணையம் விதித்துள்ளது. மருத்துவமனைப் படியில் மாலைவரை காத்திருக்கும் பெற்றோர் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

தாமதமாகத் தெரிவித்ததால் மறுக்கிறோம் என்று கடிதம் வந்தால் அதையே முடிவாகக் கொள்ளாதீர்கள். குழந்தை அறுவை அரங்கில் இருந்தது, தந்தை வெளியே நின்றார், இரண்டு நாள் கழித்துத்தான் பாலிசி நினைவுக்கு வந்தது. இது இயல்பு. தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கக்கூடாது என்று ஒழுங்காற்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வாகனத் திருட்டு தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2017 அக்டோபரில் இதே கருத்தை வலியுறுத்தியது. மறுப்புக்கான காரணத்தையும், பாலிசியின் எந்த விதியின்படி என்பதையும் எழுத்தில் கேட்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ வழியாகவும், 155255 என்ற எண்ணிலும் முறையிடலாம். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். என் நோயாளிகளின் குடும்பங்களில் பலர் முதல் மறுப்புக் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய நிறுவனம், ஆங்கிலக் கடிதம், நமக்கெதற்கு என்று. அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல், வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடமாவது காட்டுங்கள்.

கடைசியாக, குழந்தையின் எலும்பு பெரியவரின் எலும்பைப் போன்றதன்று. அதன் நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய பகுதி இருக்கிறது. உயரமும் நீளமும் அங்கிருந்தே வருகின்றன. முறிவு அதன் ஊடாகச் சென்றிருந்தால், கட்டுப் பிரித்த நாளில் கை செம்மையாகத் தோன்றும். வளைவோ குட்டையோ ஆறு மாதம், ஓராண்டு கழித்துத்தான் வெளிப்படும். எனவே அத்தகைய காயத்தில், ‘இதுவே முழுமையான இறுதித் தீர்வு’ என்ற தாளில் கையொப்பமிடுமுன் உங்கள் எலும்பு மருத்துவரிடம், முறிவு வளர்ச்சித் தட்டைத் தொட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால், பின்விளைவுக்கான கண்காணிப்பு தேவை என்பதை அவர் சிகிச்சைக் குறிப்பிலேயே எழுதட்டும். மோதிய வண்டியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கோரும் வழக்கானால் அந்தக் குறிப்பு வழக்கறிஞரின் கையில் இருக்கட்டும். வலி இல்லை, பையன் கிரிக்கெட் ஆடுகிறான் என்று வராமல் இருந்துவிடுகிறார்கள். ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் இரண்டு கைகளுக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அழைத்து வாருங்கள். வரும்போது விடுமுறையில் எடுத்த அந்த முதல் படத்தையும் கொண்டுவாருங்கள்.